அரிசி டிரம்முக்குள் போன ஒயர்

எண்பதுகளின் நடுவில் கொடைக்கானலில் யாரும் திசை தெரியாமல் தவிக்க முடியாது. எந்த வீட்டுக் கூரையைப் பார்த்தாலும் மீன்முள் மாதிரி ஓர் அலுமினிய ஆன்டெனா படுத்திருக்கும். அது எந்தப் பக்கம் மூக்கை நீட்டுகிறதோ அந்தப் பக்கம் இலங்கை. சென்னை டிவி எங்கள் மலைக்கு எட்டவில்லை. கடல் தாண்டி இருந்தவர்களின் டிவி எட்டியது. பாதி நேரம் பேசுவது புரியாது. ஆனாலும் படம் ஓடுகிறதே என்று ஊரே இலங்கையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

நான் வைக்க நினைத்த ஆன்டெனாவுக்கு இலங்கை தேவையில்லை. பேரிஜம் தாண்டிக் காட்டுக்குள் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த என் மச்சினன்தான் தேவை.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. இருபத்திரண்டு வயது. காடு காய்ந்து கிடக்கும் மாசங்களில் தீ எங்காவது கிளம்புகிறதா என்று பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்கிற வேலை கிடைத்துப் போயிருந்தான். காலையில் எட்டு மணிக்கு ஊருக்குள் இருக்கும் காட்டு ஆபீஸிலிருந்து ஒவ்வொரு கேம்ப்பாகக் கூப்பிடுவார்கள். இவன் மூணாம் நம்பர் கேம்ப். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். நடுவில் இருக்கும் அந்த இரண்டு மாசமும் எங்களோடு நாயுடுபுரத்தில் இருந்த என் மாமியாருக்கு மேற்கில் தெரியும் எல்லாப் புகையும் காட்டுத்தீதான். பேக்கரிக்காரர் அடுப்பு பற்றவைத்தால்கூட, “மாப்ள, காடு எரியுதுங்க” என்று வந்து நிற்பார். நான் வெளியே போய்ப் பார்த்து, “பன்னு வேகுது அத்தை” என்று சொல்லிவிட்டு வருவேன்.

நான் அப்போது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பல்பு, ஃபியூஸ், பம்ப் எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஆள். அங்கே வெகுநாள் பாடம் நடத்திய ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். சமையல்காரருக்கு ஒரு குக்கர், வாட்ச்மேனுக்கு ஒரு கோட்டு, எனக்கு ஒரு பெட்டி. ‘ஸ்கேனர்’ என்றார். ரேடியோதான், ஆனால் பாட்டு வராது. சிவப்பு எண்கள் தானாக ஓடிக்கொண்டே இருக்கும்; எங்காவது யாராவது பேசினால் அந்த எண்ணில் நின்று நமக்குக் கேட்கவைக்கும். கூடவே ஒரு குட்டிப் புத்தகம், இங்கிலீஷில். அதை நான் படிக்கவில்லை. தொழில் தெரிந்தவன் புத்தகம் படிப்பது கௌரவக் குறைச்சல் என்று அந்த வயதில் ஓர் எண்ணம்.

பள்ளிக்கூடத்துக்கு மேலே ஒரு மேடு. அதன் உச்சியில் தண்ணீர் டேங்க். ஒருநாள் காலையில் பம்ப் பார்க்கப் போனபோது பெட்டியையும் எடுத்துப்போனேன். எண்கள் ஓடின, நின்றன. “கேம்ப் மூணு. புகை இல்ல. ஓவர்.” என் மச்சினன் குரல். நின்ற எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

சில பேர் குடியால் கெடுவார்கள், சில பேர் சீட்டால் கெடுவார்கள். நான் கெட்டது நல்ல சேதியை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாததால். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனதுமே மாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

“எங்க, எனக்கும் கேக்க வைங்க” என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கு வீட்டில் பெட்டியை வைத்தோம். எங்கள் வீடு பள்ளத்தில். சுற்றிலும் மேடு. ஊருக்குள்ளேயே இருக்கும் காட்டு ஆபீஸ்காரரின் குரல் மட்டும் கணீரென்று வந்தது. “கேம்ப் மூணு, சொல்லுங்க.” அப்புறம் ‘ஷ்ஷ்’ என்று ஓர் இரைச்சல். “சரி, சரி. கேம்ப் நாலு, சொல்லுங்க.”

மாமியார் என்னைப் பார்த்தார். “நடுவுல சத்தம் வந்துச்சே, அதானா எம் மகன்?”

“அதான் அத்தை.”

“எம் மகன் பேசுவான். இது கருவாடு பொரியுது.”

“டேங்க் மேட்டுக்கு வாங்க, அங்க நல்லாக் கேக்கும்.”

“எம் முட்டி அங்க ஏறாது மாப்ள. அவன் குரல இங்க எறக்குங்க.”

அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். மாமியார் ஒருபொழுது இருந்துகொண்டிருந்தார். பசியோடு இருக்கிற மனுஷி கேட்கும்போது மறுக்க முடியவில்லை. “குருத்து ஞாயிறுக்குள்ள உங்க மகன் குரலக் கேக்க வைக்கிறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் மனைவி உள்ளேயிருந்து, “எந்த வருசத்துக் குருத்து ஞாயிறுன்னு கேட்டு வச்சுக்கம்மா” என்றாள்.

அன்று முதல் தினமும் எட்டு மணிக்கு என் மாமியார் பெட்டி முன்னால் முக்காடு போட்டு உட்காருவார். ஆபீஸ்காரர் கூப்பிடுவார். கருவாடு பொரியும். ஆபீஸ்காரர் “சரி” என்பார். அந்த ‘சரி’யைக் கேட்டு மாமியார் முகம் போகும் போக்கைப் பார்க்க முடியாது. தன் பிள்ளை சொன்னதை எவனோ ஒருத்தன் கேட்டுவிட்டான், தனக்கு மட்டும் இல்லை.

நாயுடுபுரத்து ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் போனேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தாயகம் திரும்பியவர்களோடு வந்து எங்கள் ஊரில் கடை போட்டவர். ஊரில் உள்ள ஆன்டெனாவில் முக்கால்வாசி அவர் கைப்பட ஏற்றியது. காம்பஸ் கிடையாது. கூரையில் ஏறிக் கண்ணை மூடி ஒரு பக்கம் கை காட்டுவார், அங்கே இலங்கை இருக்கும்.

“தொரை குடுத்த பெட்டியா?” என்றார். “கம்பி பத்தாதுங்க. கம்பி நீளம் கூடக் கூடத்தான் குரல் கூடும்.”

எண்பது அடி செப்புக்கம்பி. கூரையிலிருந்து பக்கத்துத் தைல மரம் வரைக்கும் இழுத்துக் கட்டினோம். அந்த வாரம் பெட்டியில் உலகத்திலுள்ள இரைச்சலெல்லாம் வந்தது, மச்சினனைத் தவிர. நாலாம் நாள் வேலை முடிந்து வந்தால் கம்பியில் என் இரண்டு ஸ்வெட்டர், மாமியார் சேலை, ஒரு போர்வை.

“அத்தை, இது ஆன்டெனா.”

“தெரியும். சும்மாதான கெடக்கு.”

அடுத்து ரிப்பேர்க்காரர் டிவி ஆன்டெனாவைச் சொன்னார். பூஸ்டரும் சேர்த்து. கூரையில் ஏறிக் குழாயை நட்டு, பழக்கதோஷத்தில் கண்ணை மூடி இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்.

“அண்ணே, மச்சினன் மேக்கால இருக்கான்” என்றேன் கீழேயிருந்து.

“மேக்க என்னங்க இருக்கு? வெறுங்காடு.”

“காட்டுலதாண்ணே இருக்கான்.”

பிறந்த ஊருக்கு முதுகு காட்டச் சொன்ன மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேற்கே திருப்பினார். மறுநாள் எட்டு மணிக்குக் கருவாடு கொஞ்சம் பலமாகப் பொரிந்தது. அதுகூட ஒரு முன்னேற்றம்தான் என்று நான் சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த நாள் மறுபடி சன்னமாகிவிட்டது. வெளியே போய்ப் பார்த்தால் ஆன்டெனா இலங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராவில் காற்று என்று நினைத்து ஏறித் திருப்பினேன். சாயங்காலம் மறுபடி இலங்கை.

மூன்றாம் தடவை கையும் களவுமாகப் பிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர், காய்கறி மண்டிக் கணக்கர், என் கூரையில் நின்றுகொண்டிருந்தார். பனி ஈரம் காயாத தகரத்தில், எனக்காக.

“காத்துல திரும்பித் திரும்பிப் போகுதுங்க உங்களது” என்றார். “நாந்தான் டெய்லி சரி பண்ணுறேன். படம் நல்லா வருதா?”

இத்தனை நல்ல மனசோடு ஒருத்தர் செய்யும்போது என்ன சொல்ல? சொல்ல வேண்டியதைச் சொல்லவும் பயம். அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சாதாரண ரேடியோவுக்கே போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் புத்தகம் வாங்கி வருஷா வருஷம் ஸ்டாம்ப் ஒட்டிய தலைமுறை நாங்கள். பாட்டுக் கேட்கவே அப்படி என்றால் சர்க்கார் தனக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கிறவனை என்ன செய்வார்கள்? இது எனக்கு முதல் இரண்டு வாரம் தோன்றவே இல்லை. தோன்றிய நாளிலிருந்து வேறெதுவும் தோன்றவில்லை. ரோட்டில் காக்கியைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனேன். ஒருமுறை அப்படி அவசரமாகத் திரும்பியதில் தபால்காரரிடமிருந்து தப்பித்து நேராகப் போலீஸ்காரர் மேல் மோதினேன். கணக்கரிடம், “படம் பிரமாதமா வருதுங்க” என்று சொல்லி இறக்கிவிட்டேன். என்னிடம் டிவியே கிடையாது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. எட்டு மணி ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. மாமியார் முக்காட்டோடு பெட்டி முன்னால். கதவு தட்டும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏட்டு.

அந்த அரை நிமிஷத்தில் நான் யோசித்ததை எழுதினால் ஒரு நாவல் வரும். வேலை போய்விட்டது. பேப்பரில் போட்டோ வந்துவிட்டது, அதிலும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள். ஆனால் அம்மா இங்கேதான் இருக்கிறார் என்பதால் நான்தான் போகவேண்டியிருக்கிறது. கை அதுபாட்டுக்குப் பெட்டியைத் தூக்கி அடுக்களை வாசலிலிருந்த அரிசி டிரம்முக்குள் இறக்கி மூடியைப் போட்டது. மேலே ஒரு முறத்தையும் கவிழ்த்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

“வாங்க ஏட்டய்யா, வாங்க வாங்க, உக்காருங்க, காப்பி சாப்பிடுங்க, என்ன விசேசம், எங்க வீட்டுல ஒண்ணும் இல்லையே” என்றேன் ஒரே மூச்சில்.

ஏட்டு உட்கார்ந்தார். “ஒண்ணுமில்ல சார். நம்ம குவார்ட்டர்ஸ்ல இலங்கைப் படம் ஒரே ஆட்டமா ஆடுது. வீட்டுல பிடுங்கி எடுக்குறாங்க. ரிப்பேர்க்கடையில கேட்டா, இப்ப ஊருல ஆன்டெனாப் பைத்தியம் நீங்கதான்னு சொன்னாரு. வந்து ஒரு பார்வை பாக்கணும்.”

எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் சரியாக உட்காருவதற்குள் ஏட்டின் கண் சுவரில் நடக்க ஆரம்பித்தது. கூரையிலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்த கறுப்பு ஒயரை அந்தக் கண் பிடித்துக்கொண்டது. ஜன்னல், காலண்டர், மாதா படம், கதவு நிலை, அப்படியே இறங்கி அரிசி டிரம். பெட்டியை ஒளித்த மகாபுத்திசாலி ஒயரைக் கழற்றவில்லை.

ஏட்டு காப்பியை ஒரு வாய் குடித்தார். “ஏன் சார், அரிசிக்கு டிவி காட்டுறீங்களா?”

அப்போதுதான் எட்டு அடித்தது. பெட்டியை நான் அணைக்கவும் இல்லை. “கேம்ப் ஒண்ணு, சொல்லுங்க” என்றது டிரம்.

 டிரம் மட்டும் பேசியது. “கேம்ப் ரெண்டு. சரி. சரி.”

“அது எலிங்க” என்றேன். இன்றுவரைக்கும் அந்தப் பதிலுக்கு என்னிடம் விளக்கம் இல்லை.

என் மாமியார் எழுந்தார். நேராக டிரம்முக்குப் போய் முறத்தை எடுத்தார், மூடியை எடுத்தார். “கேம்ப் மூணு, சொல்லுங்க.” கருவாடு பொரிந்தது. “சரி.” மாமியார் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே ஏட்டிடம் திரும்பினார்.

“இந்தா இப்பப் பேசினது எம் மகன்யா. தீயப் பாக்குற வேலைக்குப் போயிருக்கான். ஒரு மாசமா அவன் குரல் கேக்கல. இவரு கேக்க வைக்கிறேன்னாரு. அதுக்குத்தான் இம்புட்டும். செயிலுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா என்னையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க. ஆனா அங்க ஆன்டெனா நல்லா இருக்கணும்.”

ஏட்டு அவரையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார். காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்து வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன், விலங்குக்குக் கையை நீட்டலாமா வேண்டாமா என்ற யோசனையோடு. அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“நா ஒண்ணும் பாக்கல சார். அரிசி டிரம்ம மட்டுந்தான் பாத்தேன். ஆனா ஒண்ணு கேக்கணும். டிவிக்குத்தான ஆன்டெனா படுத்திருக்கணும்? எங்க ஸ்டேசன் மேல வயர்லெஸ்ஸுக்கு வச்சிருக்கத நீங்க பாத்ததே இல்லையா? நட்டுக்குத்தலா நிக்குது. காட்டு ஆபீஸ் மேலயும் அப்பிடித்தான். உங்களது மட்டும் ஏன் படுத்துக் கெடக்கு?”

தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். இரண்டு வாரமாக அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் போய்க்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் போனதும் குட்டிப் புத்தகத்தை எடுத்தேன். அதில் ஒரு படம் முன்பே கண்ணில் பட்டிருந்தது. குடை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளியிருந்தேன். நடுவில் ஒரு கம்பி நிமிர்ந்து நிற்கிறது. அதன் அடியிலிருந்து நாலு கம்பி நாலு பக்கமும் சரிந்து இறங்குகிறது. ஒவ்வொன்றும் பத்தொன்பது அங்குலம். மைல் கணக்கில் செப்புக்கம்பி இழுத்தவனுக்கு வேண்டியது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட.

“பத்தொம்பது அங்குலத்துல அஞ்சு கம்பி, மெலிசா, வளையாம” என்று வீட்டையே சுற்றிவந்தேன். ஜன்னல் திரைக் கம்பி குட்டை. சைக்கிள் கம்பியும் குட்டை. கடை திறக்க நேரமாகும். நாளைக்குக் குருத்து ஞாயிறு.

மாமியார் உள்ளே போய்த் தன் குடையை எடுத்துவந்தார். அந்தக் குடையைப் பற்றித் தெரிந்தால்தான் அதன் கனம் தெரியும். எங்கள் ஊரில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. அப்படி வந்த எத்தனையோ நாளில் நான் நனைந்துகொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன், அந்தக் குடை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். கோவிலுக்குப் போக மட்டும். யாருக்கும் இரவல் கிடையாது.

“இதுல எட்டுக் கம்பி இருக்கு” என்றார். “அஞ்சு போதும்னீங்கள்ல. எடுத்துக்கங்க.”

“அத்தை, மழைக்கு?”

“நனஞ்சா காஞ்சுக்கலாம். வெரசாப் பாருங்க.”

துணியை அவரே பிரித்தார், தையல் தையலாக, பிளேடு வைத்து. நான் கம்பிகளை அளந்து வெட்டி, ஒரு பவுடர் டப்பா மூடியில் ஓட்டை போட்டுத் திருகினேன். ஒன்று மேலே, நாலு கீழே. அதைக் குழாய் நுனியில் மாட்டிக் கூரையில் நட்டபோது, துணி பறந்துபோன குடை ஒன்று எங்கள் வீட்டுக்குக் காவல் நிற்பது போல் இருந்தது. பக்கத்து வீட்டுக் கணக்கர் வந்தார். ஏறினார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இதற்கு முன்பக்கம் எது என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

“எப்பிடித் திருப்பினாலும் இது இலங்கையப் பாக்க மாட்டேங்குதே” என்று வருத்தத்தோடு இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து மாமியார் குருத்தோலையைக் கையில் பிடித்தபடியே வந்து உட்கார்ந்தார். எட்டு மணி. கேம்ப் ஒண்ணு. கேம்ப் ரெண்டு. 

“கேம்ப் மூணு, சொல்லுங்க.”

“கேம்ப் மூணு. புகை இல்ல. தண்ணி இருக்கு. எல்லாம் நலம். ஓவர்.”

பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி. என் மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் மாமியாரைப் பார்த்தேன். அழுவார், என்னை ஆசீர்வதிப்பார், குறைந்தபட்சம் ‘மாப்ள’ என்றாவது சொல்வார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன்.

“அவனுக்குச் சளி பிடிச்சிருக்கு” என்றார்.

திங்கட்கிழமை கேம்ப்புக்கு அரிசி கொண்டுபோன ஜீப்பில் சுக்குப் பொடி, மிளகு, ஒரு மஃப்ளர் எல்லாம் ஏறிப் போயின.

அதன்பிறகு தினமும் எட்டு மணிக்கு அவன் சொல்வான், இவர் பெட்டியிடம் பதில் சொல்வார். “குளிருதா? கம்பளியப் போத்திக்க. சாப்பிட்டியா? ஓவர்.” அவனுக்குக் கேட்காது என்று நான் இரண்டு தடவை விளக்கினேன். “அது அவன் குறை” என்றார்.

மச்சினன் லீவில் வந்தான். வந்ததும், “அம்மா, எனக்குச் சளின்னு யாரு சொன்னா?” என்றான்.

“பெத்தவளுக்குத் தெரியாதா?” என்றார் மாமியார், என் ஆன்டெனாவுக்கு ஒரு வார்த்தை கொடுக்காமல்.

எனக்கு மறுபடி பழைய உதறல். இவனுக்குத் தெரிந்தால் ஆபீஸில் வாய்தவறிச் சொல்லிவிடுவான். ஏட்டு பார்க்காமல் விட்டார், எல்லோரும் ஏட்டா? “அத்தான், கூரையில என்ன குடை எலும்பு?” என்று கேட்டான். “குரங்குக்கு” என்றேன். என் மனைவி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

மாமியார் அவனுக்குச் சோறு போட்டார். “இன்னும் கொஞ்சம்?”

“போதும்மா.”

“ரசம்?”

“போதும்.”

“சரிப்பா. ஓவர்” என்றார்.

சொன்னது அவருக்குத் தெரியவில்லை. அவன் கை தட்டில் நின்றது. அம்மாவைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக, ஏட்டு பார்த்த அதே பாதையில், ஜன்னல், காலண்டர், மாதா படம், கதவு நிலை. நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  அவன் தலையைக் குனிந்து சாப்பிட்டு முடித்தான். மறுநாள் வெள்ளனே கிளம்பிப் போனான்.

அடுத்த நாள் காலை எட்டு மணி. நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆபீஸ்காரர் கூப்பிட்டார்.

“கேம்ப் மூணு. புகை இல்ல. தண்ணி இருக்கு. எல்லாம் நலம்.” கொஞ்சம் நின்றான். “சாப்பிட்டாச்சு. ஓவர்.”

ஆபீஸ்காரருக்குப் புரியவில்லை. “கேம்ப் மூணு, நீ சாப்பிட்டியான்னு இங்க யாருப்பா கேட்டா?”

என் மாமியார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“நாந்தான்யா கேட்டேன்” என்றார். “ஓவர்.”